டவர் தொடங்கும் இடம்

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் ரோட்டில், கிருஷ்ணாபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஓடைப் பாலம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் செல்போன் டவர் அந்தப் பாலத்தோடு முடிந்துவிடும். பாலத்துக்கு மேற்கே நின்றால் போனில் இரண்டு கோடு விழும். கிழக்கே பத்தடி நடந்தால் ஒன்றும் இருக்காது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தினமும் போய்வந்து நாங்களே கண்டுபிடித்தது.

நாங்கள் என்றால் நானும் என் கூட்டாளியும். இரண்டு பேரும் ஒரு நண்டு வியாபாரியிடம் வேலை பார்த்தோம். ஆறு கடலில் சேரும் புன்னக்காயலில், சேற்றுக்குள் பிடிக்கிற நண்டு. கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தால் இரண்டு நாள் வரைக்கும் உயிரோடு கிடக்கும். கூட்டாளி காலையில் மோட்டார் சைக்கிளில் போய் நண்டை வாங்கி, கேரியரின் இரண்டு பக்கமும் கூடைகளைக் கட்டிக்கொண்டு நாலு மணிவாக்கில் வண்ணார்பேட்டைக்கு வந்து சேருவான். நான் செத்ததைக் கழித்து, மிச்சத்தைப் பெட்டியில் அடுக்கிச் சாயங்கால ரயிலில் சென்னைக்கு ஏற்றுவேன். ரயிலை விட்டால் மறுநாள் பாதி நண்டு செத்திருக்கும். ஆகவே எங்களுக்கு ஒரு நாள் என்பது நாலு மணியை நோக்கி ஓடுவதுதான்.

எங்கள் முதலாளி டவுனில் ஒரு சைவக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். முட்டைகூடத் தொடாதவர். தாத்தா காலத்து வயல்கள் போனபின் எதையெதையோ செய்து பார்த்துவிட்டு நண்டில் வந்து நின்றவர். வீட்டில் ‘ஏற்றுமதி’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். கூடையைத் திறந்தால் இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வார். “எல்லாம் கண்ணு முழிச்சிக்கிட்டு இருக்காவே?” என்று அங்கிருந்தே கேட்பார். “ஒம்மத்தான் பாக்கு அண்ணாச்சி” என்பான் கூட்டாளி. அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். வீட்டுக்குப் போகும் முன் ஒரு வாளி தண்ணீரில் கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொள்வார்.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொல்லத்தில் முந்திரிக்கொட்டை மூட்டை தூக்கினேன். பம்பாயில் டீ விற்றேன். சூரத்தில் ஒரு தறிக்கூடத்தில் ராத்திரி வேலை. எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் கால் நிற்கவில்லை. வேலை பிடிக்காமல் இல்லை, சண்டையும் இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் போகவேண்டும் போல இருக்கும், போய்விடுவேன். சொல்லிக்கொண்டு போகும் பழக்கம் கிடையாது. திருநெல்வேலியில் நாலு வருஷம் இருந்தேன் என்றால் அதற்குக் காரணம் என் கூட்டாளி. மஞ்சள்காமாலை வந்து விழுந்தபோது ஒரு மாதம் அவன் வீட்டில்தான் கிடந்தேன். அவன் மனைவி பீடி சுற்றுகிறவள். தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பாள். உடம்பு தேறியதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில், கிளம்புகிற பஸ்ஸில் ஏறி, மடியிலிருந்த என் பையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டான் அவன். நானும் இறங்கவேண்டியதாயிற்று. இன்னொரு தடவையும் அப்படியே. அதற்குப் பிறகு நான் கிளம்ப நினைத்தால் அவன் முகம்தான் முதலில் முன்னால் வரும்.

செல்போனை அண்ணாச்சிதான் வாங்கிக் கொடுத்தார். சோப்புக்கட்டி மாதிரி கனம். நாங்கள் கூப்பிட்டாலும் காசு, எங்களை யாராவது கூப்பிட்டாலும் காசு. அதனால் யாரும் நலம் விசாரிப்பதில்லை. எத்தனை கூடை, எப்போது வருவாய், இரண்டே கேள்வி. “மணி அடிச்சா எடுத்துரணும்வே. சென்னைக்காரன் எனக்கு மணிக்கு நாலு தடவ போன் போடுதான். நான் அவனுக்கு என்னத்தச் சொல்ல?” என்பார் அண்ணாச்சி. கூட்டாளி வண்டியில் போகும்போது மணி அடித்தால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

முதலில் அவன் ஒரு வழி வைத்திருந்தான். தலையில் துண்டைச் சுற்றிக் கட்டி அதற்குள் போனைக் காதோடு செருகிக்கொள்வான். தாடை வீங்கிப் பல்வலியோடு போகிறவன் மாதிரி இருக்கும். ஆனால் மேட்டில் ஏறி இறங்கினால் போன் நழுவும். அதனால் பேச்சு வந்ததும் வண்டியைப் பைய உருட்டுவான், இல்லாவிட்டால் ஓரத்தில் நிறுத்திவிடுவான். ஒரு தடவை நிறுத்துவதற்குள் போன் கழன்று ரோட்டில் விழுந்து ஒரு மூலை உடைந்தது. அதைப் பார்த்த எனக்குத்தான் பயம் வந்தது. “போனு போனாப் போகுது, ஒரு நாளைக்கு இவன் விழுந்துருவான் அண்ணாச்சி. காதுல மாட்டுத ஒயர் இருக்காமே, அத வாங்கிக் கொடுங்க” என்று நான்தான் நச்சரித்தேன். இரண்டு மாதம் கழித்து, துபாயிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் மூலம் அண்ணாச்சி அதை வரவழைத்தார்.

கறுப்பு ஒயர். ஒரு முனையைப் போனில் செருகவேண்டும். மறுமுனையில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு குமிழ், அதைக் காதில் வைத்துக்கொள்ளவேண்டும். நடுவில் வாய்க்கு நேராக ஒரு சின்ன மைக். ஒயரைச் சொருகியிருந்தால் இரண்டு மணி அடித்ததும் போன் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி அதில் ஓர் ஏற்பாடும் இருந்தது. பட்டன்கூட அமுக்க வேண்டாம். கூப்பிடுகிறவன் குரல் நேரே காதுக்குள் வந்துவிடும், கேட்கிறவனுக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதை மாட்டிக்கொண்டு முதல் நாள் வண்ணார்பேட்டை டீக்கடைக்கு வந்தான். கடைக்காரர் பார்த்துவிட்டு, “என்னலே, காது மிஷினா? இந்த வயசிலயே அவுஞ்சு போச்சா?” என்றார்.

“ஆமாவே. ஒம்ம டீயக் குடிச்சா வயித்துக்குத்தான் கேடுன்னு நெனச்சேன். காதையும் புடிச்சிட்டு.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வழியில் அவன் தனக்குத்தானே பேசிக்கொண்டு போவதைப் பார்த்து, நல்ல பையன், இப்படி ஆகிவிட்டதே என்று பாளையங்கோட்டையில் ஒரு அம்மா உச்சுக்கொட்டியதாகவும் அவனே வந்து சொன்னான்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கிறது, இனி பயமில்லை என்று நினைத்தேன். துண்டில் செருகியிருந்த காலத்தில் பேச்சு வந்தால் அவன் வேகத்தைக் குறைத்தான் என்பதும், ஒயர் வந்தபின் குறைப்பதே இல்லை என்பதும் அப்போது எனக்குப் படவில்லை.

அந்தப் பாலத்தின் விஷயம் இதோடு சேர்ந்தது. மத்தியானம் முழுக்க அவன் டவருக்கு வெளியே இருப்பான். அவனிடம் கேட்கவேண்டியது, சொல்லவேண்டியது எல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். மூன்றே முக்காலுக்கு அவன் பாலத்தைத் தாண்டுவான். அந்த நேரம் எனக்கு மனப்பாடம். ஆபீஸ் போனில் நான் எண்ணைச் சுற்றி முடிப்பதும் அவன் பாலத்தைத் தாண்டுவதும் சரியாக இருக்கும். “கண்ணு வச்சிட்டே இருப்பியோலே? சக்கரம் பாலத்துல ஏறுது, நீ காதுக்குள்ள வந்துருத” என்பான். எனக்கு அதில் ஒரு பெருமை. வண்ணார்பேட்டையில் டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, ஆறேழு மைல் தள்ளி வருகிறவனைக் குறி தப்பாமல் பிடிப்பது.

அது மாசி மாதம். நெல் அறுத்தபின் வயல்களில் விதைத்த உளுந்து விளைந்து, செடியோடு பிடுங்கும் சமயம். எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிரும். யாரும் அடிக்கவேண்டாம். பரப்பிய இடத்தைச் சுற்றி அடையாளத்துக்குக் கல் வைத்திருப்பார்கள். பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. மோட்டார் சைக்கிள்காரன் பார்த்துத்தான் போகவேண்டும். உதிர்ந்த உளுந்து டயருக்கு அடியில் குண்டு மணியாக உருளும். கூட்டாளிக்கு இது நன்றாகத் தெரியும். அவனே அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவன். உளுந்தைக் கண்டால் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு நடை வேகத்தில்தான் கடப்பான்.

அன்றைக்குக் காலையில் நான் பையைக் கட்டிவிட்டேன். மங்களூரில் ஓர் ஐஸ் கம்பெனியில் ஆள் கேட்பதாகப் பழைய சிநேகிதன் ஒருவன் கடிதம் போட்டிருந்தான். வேலை பெரிய வேலை இல்லை. போகவேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். நாலு மணிக்கு நாகர்கோவில் பஸ். அவன் வந்து சேர்ந்து கூடையை இறக்கும் நேரத்துக்கு நான் போயிருப்பேன். இதற்கு முன்னால் எந்த ஊரிலும் யாரிடமும் சொல்லாமல் வந்தவன் நான். இவனிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்னால் விடமாட்டான். போனில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அண்ணாச்சி மூன்றரைக்கு வெளியே கிளம்பும்போது, “அவன் டவருக்குள்ள வந்ததும் எத்தன கூடைன்னு கேட்டு வையும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றே முக்காலுக்கு எண்ணைச் சுற்றினேன். இரண்டு மணி. பிறகு காற்றுச் சத்தமும் வண்டிச் சத்தமும்.

“எத்தன கூடைலே?”

“நாலு. ஒண்ணு கொஞ்சம் மட்டம்.”

“சரி, அண்ணாச்சிட்ட சொல்லுதேன்.”

அண்ணாச்சி கேட்கச் சொன்னது இதோடு முடிந்தது. அரை நிமிடம்கூட இல்லை. அப்போது நான் போனை வைத்திருக்கலாம்.

“மாப்ள, நான் இன்னைக்குப் போறேன்” என்றேன்.

“எங்க?”

“மங்களூருக்கு. ஐஸ் கம்பெனி. நாலு மணிக்கு பஸ்ஸு.”

“யார்ட்டலாம் சொன்ன?”

“யார்ட்டயும் சொல்லல. ஒன்ட்டத்தான் சொல்லுதேன்.”

“போன்லயா சொல்லுத? மூதி, போன்லயா சொல்லுத?”

“நேர்ல சொன்னா நீ விடமாட்ட.”

“ஒனக்குக் கஞ்சி ஊத்துனவகிட்ட சொன்னியாலே? அவ ஒனக்காவ இன்னைக்கு அவியல் வைக்கா. சாயங்காலம் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லித்தான் அனுப்புனா.”

சிரித்தேன் என்று நினைக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாதபோது நான் சிரிப்பேன். அது அவனுக்குக் கோபத்தைக் கிளப்பியிருக்கும். வண்டியின் சத்தம் ஏறியது எனக்குக் கேட்டது.

“இரு. போயிராத. இன்னா வந்துட்டேன். பத்தே நிமிசம். போயிராதலே, நான்—”

பிறகு ஒரு இழுப்புச் சத்தம், தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி. பெரிய சத்தம் எதுவும் இல்லை. அதற்கப்புறம் காற்றும் இல்லை. போன் அறுபடாமல் அப்படியே இருந்தது. “மாப்ள, மாப்ள” என்று கத்தினேன். எங்கிருந்தோ ஒரு பொம்பளை ஓடிவருகிற சத்தம். “எய்யா… எய்யா… ஏ, யாராச்சும் வாங்களேன்” என்று அவள் அலறியது, பக்கத்தில் நிற்பதைப் போல என் காதுக்குள் விழுந்தது. “எம்மா, எந்த இடம்? எம்மா, நான் பேசுதேன்” என்று நான் கத்தினேன். அந்தக் குமிழ் எங்கே தொங்கிக்கொண்டு கிடந்ததோ. அவளுக்கு அதிலிருந்து ஒரு குரல் வருகிறது என்றே தெரியாது. சிறிது நேரத்தில் தானாகவே அறுந்தது.

அண்ணாச்சியைத் தேடிப் பிடித்து ஆட்டோவில் போனோம். அதற்குள் அவனை ஒரு வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வண்டி சரிந்து கிடந்தது. கூடைகள் இரண்டு உடைந்து, கொடுக்குக் கட்டிய நண்டுகள் உளுந்துச் செடிகளுக்கு இடையே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தன. பாலத்திலிருந்து முக்கால் மைல் தள்ளி, இந்தப் பக்கம். அந்த உளுந்துக்குச் சொந்தக்கார அம்மா ரோட்டோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வைத்த கல்லில்தான் அவன் தலை பட்டிருந்தது.

“நான் கையக் காட்டுனேன்யா, பைய வாங்கன்னு. எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் வந்தாவ. ஆனா பாக்கல. வேற யாரையோ பாக்குற மாதிரி பாத்தாவ” என்றார்.

போலீஸ்காரர் வந்தார். போனில் பேசிக்கொண்டு வந்து விழுந்தது என்று எழுதிக்கொண்டு, கூப்பிட்டது யார் என்று கேட்டார். “எங்க ஆபீஸ் நம்பருதான் சார். எத்தன கூடைன்னு கேக்கச் சொன்னது நாந்தான்” என்றார் அண்ணாச்சி. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டாளியின் மனைவி அண்ணாச்சியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். “ஒம்ம நண்டு செத்தா நாளைக்கு வேற நண்டு வாங்குவீரு. நான் எங்க போயி வாங்க?” என்றாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், “யண்ணே, பாத்தீயளா” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மங்களூர் பையை ஆபீஸிலேயே வைத்திருந்தேன். நான் கிளம்ப இருந்தது யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவன் பத்தொன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தான்.

திறந்தான். பிழைத்துக்கொண்டான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பேச்சு வந்தது. ஆட்களை அடையாளம் தெரிந்தது. பழையதெல்லாம் நினைவிருந்தது. என் பையைப் பஸ்ஸிலிருந்து பிடுங்கியதைக்கூட ஒரு நாள் சொல்லிச் சிரித்தான். ஆனால் புதிதாக எதுவும் அவன் தலையில் தங்கவில்லை. காலையில் வந்தவரைச் சாயங்காலம் கேட்டால் தெரியாது. இடது கால் இழுத்தது. விழுந்த நாளில் புன்னக்காயலிலிருந்து கிளம்பியது வரைக்கும் சொல்வான். அதன்பிறகு ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. சாயங்காலம் நாலு மணி ஆனால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து செருப்பைத் தேடுவான். “நான் போணும். ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான். நேரமாச்சு” என்பான். யார் என்று கேட்டால் தெரியாது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுவான். மனைவி பீடித்தட்டை வைத்துவிட்டு வந்து அவனைப் பிடித்து உட்காரவைப்பாள். மறுபடி எழுவான். இது இருட்டும் வரைக்கும் நடக்கும். அதோடு அவளுடைய அன்றைய வேலையும் கெடும்.

அவன் போய்வந்த வழியில் நான் போகத் தொடங்கினேன். அதே வண்டியைத் தட்டி எடுத்துச் சரி செய்து கொடுத்தார் அண்ணாச்சி. ஒயரை எனக்குத் தரவில்லை. பாலத்தைத் தாண்டியதும் நான் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பேன். மணி அடித்தால் பேசுவேன். அடிக்காவிட்டால் ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்புவேன். பெரும்பாலும் அடிக்காது. அண்ணாச்சி அந்த நேரத்தில் யாரையும் கூப்பிடவிடுவதில்லை.

அடுத்த மாதம் போன் கம்பெனியிலிருந்து பில் வந்தது. எந்த எண்ணிலிருந்து எத்தனை நிமிடம் என்று வரி வரியாகப் போட்டிருக்கும். அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே போய், “அண்ணாச்சி, அன்னைக்கு…” என்று ஆரம்பித்தேன்.

“எத்தன கூடைன்னு கேக்க மூணு நிமிசம் ஆகாதுவே” என்றார். பிறகு தாளை மடித்து வைத்தார். “எனக்கு வேண்டாம். என்ன பேசுனீருன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். மணி அடிச்சா எடுன்னு சொன்னவன் நாந்தானே.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நாலு மணிக்கு அவன் தவிப்பதைப் பலநாள் பார்த்தேன். அவன் யாரிடம் ஓடிவந்தான் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அடங்கிவிடுவான் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். “மாப்ள, காத்துக்கிட்டு இருந்தது நாந்தான். போறேன்னு ஒன்ட்ட போன்ல சொன்னேன். நீ என்னப் புடிக்கத்தான் வேகமா வந்த. நான் போகல, இன்னா இங்கனதான் இருக்கேன்.”

அவன் என்னையே பார்த்தான். முகம் மெல்ல மாறியது. “நீயாலே?” என்றான். “சொல்லாம போகப் பாத்தியா? இவ கையில சாப்பிட்டுட்டு?” கையில் கிடைத்த தம்ளரை என்மேல் எறிந்தான். அழுதான். நான் அவன் காலைப் பிடித்தேன். ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அவள் சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

மறுநாள் போனால் அவனுக்கு அது நினைவில்லை. நாலு மணிக்குச் செருப்பைத் தேடினான். “ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்லே” என்று என்னிடமே சொன்னான்.

மறுபடி சொன்னேன். மறுபடி முதல் தடவை கேட்பது போலவே கேட்டான், அதே கோபம், அதே அழுகை. நானும் முதல் தடவை போலவே அவன் காலைப் பிடித்தேன். மூன்றாம் நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவன் மனைவி வெளியே வந்து வழியை மறித்தாள்.

“யண்ணே, இன்னைக்குச் சொல்லாதீய.”

“நீ என்ன மன்னிக்காண்டாம்மா. ஆனா அவன்ட்ட நான்—”

“மன்னிக்கது இருக்கட்டும். அத நான் இன்னும் யோசிக்கல. நீங்க சொல்லிட்டுப் போயிருதீய. ஒங்களுக்கு எறங்குது. அவருக்கு ஏறுது. நெதமும் அவருக்குப் புதுசால்லா இருக்கு? ராத்திரி பூரா நான்தான் புடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அடங்குத மாதிரி எதையாவது சொல்லுங்க” என்றாள். “பொய்யா இருந்தாலும் சரி.”

உள்ளே அவன் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றான். “நேரமாச்சுலே. ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்.”

“அண்ணாச்சிதான்” என்றேன். “நண்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு. நண்டு ரயில் ஏறிட்டு. நீ வரவேண்டாம்னு சொல்லச் சொன்னாரு.”

“ஏறிட்டா?”

“ஏறிட்டு.”

“அப்ப சரி” என்று உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “அவரு என்ன செய்வாரு பாவம், யாவாரம். அவரு மேல நான் ஒண்ணும் வச்சிக்கிடல, கேட்டியா” என்றான். அவள் உள்ளே போய்ப் பீடித்தட்டை எடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு ஒன்பது மாதம், ரயிலுக்கு நண்டை ஏற்றக் கூலிக்கு வேறு ஆள் வைத்துவிட்டு, நாலு மணிக்கு நான் அந்த வீட்டில் இருந்தேன். ஒரே பேச்சு, ஒரே பதில். எந்த ஊரிலும் கால் நிற்காதவன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒவ்வொரு நாளும் அவன் அண்ணாச்சியை மன்னித்தான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் பீடி இலையை வெட்டிக்கொண்டிருப்பாள், நிமிர்ந்து பார்க்கமாட்டாள். என்னை மன்னிப்பதா என்ற அந்த யோசனையை அவள் முடித்தாளா என்று நான் கேட்கவில்லை.

தை பிறந்ததும், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சேரன்மகாதேவிப் பக்கம் அவள் அம்மா ஊருக்குப் போவதென்று முடிவாயிற்று. அங்கே அண்ணன்மார் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. சாமான்களை ஒரு வேனில் நான்தான் ஏற்றினேன். கிளம்பும்போது நாலு மணி ஆகிவிட்டது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தான். “நான் போணும்.” அவள் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். நான் கதவண்டை போய், நண்டு ரயில் ஏறிவிட்டதைச் சொன்னேன். அப்ப சரி என்றான். வேன் கிளம்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு மங்களூருக்கும் போனேன், இன்னும் பல ஊர்களுக்கும் போனேன். அங்கே நாலு மணிக்கு அவனிடம் அதை யார் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள்தான் சொல்வாளாக இருக்கும்.